இலக்கணப் பாடவேளையும் இலக்கியப் பாடவேளையும்: அமெரிக்க ஆங்கில வகுப்பின் உள்முரண்பாடு

ஆங்கிலக் கல்வி பற்றி நம்மிடையே எழும் வாதப்பிரதிவாதங்கள் பெரும்பாலும் அம்மொழியை இரண்டாம் மொழியாகக் கற்போரை மனங்கொண்டே நிகழ்கின்றன. ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்ட மாணவன் தன் பாடசாலையில் ‘ஆங்கிலம்’ என்னும் பெயரில் எதனைக் கற்கின்றான் என்ற வினாவை நாம் அரிதாகவே எழுப்பியுள்ளோம். அவனுக்கு அது வீட்டிலும் வீதியிலும் வழங்கும் மொழி. ஆகவே அவனது ஆங்கில வகுப்பு நமது ஆங்கில வகுப்புக்கு ஒப்பானதன்று. நமது தமிழ் வகுப்புக்கே ஒப்பானது. ஒரு மொழியை அறிந்தவனாகவே வகுப்பினுள் நுழையும் ஒருவனுக்கு அம்மொழியையே பாடமாகப் புகட்டும்போது, அங்கு புகட்டப்படுவது யாருடைய மொழி என்ற வினா இரு இடத்துக்கும் பொதுவானதாகும். ஐக்கிய அமெரிக்காவின் உயர்நிலைப் பாடசாலை ஆங்கில வகுப்பை முன்வைத்து இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அவ்வகுப்பு இலக்கணம், எழுத்துக்கூட்டல், இலக்கியம் ஆகிய மூன்று கூறுகளைக் கொண்டது. இலக்கணம் கற்றால் எழுத்துத் திருந்தும், எழுத்துத் திருந்தினால் இலக்கியச் சுவை விளங்கும் என்றவாறு இம்மூன்றும் ஒன்றுக்கொன்று துணையானவை என்பது பொதுவான நம்பிக்கை. எமது கருத்து இதற்கு மாறானது. இவை வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு தேவைகளின் பொருட்டுத் தோன்றி, ஒரு பரீட்சையின் நிமித்தம் ஒன்றாகக் கட்டப்பட்டவை. இலக்கணப் பாடவேளையிற் பிழையெனச் சிவப்பு மையால் வெட்டப்படும் மொழியே இலக்கியப் பாடவேளையிற் கலையெனப் போற்றப்படுகின்றது. இம்முரண்பாட்டின் சுமை மாணவர் எல்லோர் மீதும் சமமாக விழுவதில்லை என்பதே இங்கு முக்கியமானது.

1

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அமெரிக்கப் பாடசாலைகளில் ‘ஆங்கிலம்’ என்ற தனிப்பாடம் இருக்கவில்லை. வாசிப்பு, எழுத்துக்கூட்டல், இலக்கணம், சொல்வன்மை என்பன தனித்தனி நூல்களைக் கொண்டு கற்பிக்கப்பட்டன. உயர்கல்விக்குரிய மதிப்பு இலத்தீனுக்கும் கிரேக்கத்துக்குமே இருந்தது. இந்நிலை மாறியமைக்கு 1870களில் ஹார்வாட் பல்கலைக்கழகம் விதித்த அனுமதி நிபந்தனை ஒரு முக்கிய காரணமாயிற்று. நியம ஆசிரியர்களின் நூல்களிலிருந்து எடுக்கப்பட்ட ஒரு பொருள் பற்றி, எழுத்துக்கூட்டல், நிறுத்தக்குறி, இலக்கணம், சொல்லாட்சி ஆகியவற்றிற் பிழையின்றிச் சிறு கட்டுரையொன்றை எழுதவேண்டும் என்பதே அந்நிபந்தனை. 1874ஆம் ஆண்டுக்கென விதந்துரைக்கப்பட்ட நூல்களுள் சேக்ஸ்பியரின் ‘யூலியஸ் சீசர்’, ‘வெனிஸ் வணிகன்’, கோல்ட்சிமித்தின் ‘வேக்பீல்ட் பாதிரியார்’, ஸ்கொற்றின் ‘ஐவன்ஹோ’ ஆகியன அடங்கும்.

இந்நிபந்தனையின் அமைப்பு ஊன்றி நோக்கத்தக்கது. இங்கு இலக்கியம் படிக்கப்படுவது அதன் பொருட்டன்று. எழுத்துப் பிழையைச் சோதிப்பதற்கான ஒரு சந்தர்ப்பமாகவே அது அமைகின்றது. நாம் இன்று இயல்பானதெனக் கருதும் முக்கூட்டு, பல்கலைக்கழகத்தின் வாயிலில் நின்று வேண்டியோரையும் வேண்டாதோரையும் பிரித்தெடுக்கும் கருவியாகவே முதலிற் பிறந்தது. 1892இல் தேசியக் கல்விச் சங்கம் ஹார்வாட் தலைவர் சார்ள்ஸ் எலியற் தலைமையில் நியமித்த பதின்மர் குழு, உயர்நிலைப் பாடசாலையின் நான்கு ஆண்டுகளிலும் ஆங்கிலம் இடம்பெற வேண்டுமெனப் பரிந்துரைத்தபின் இப்பாடம் நிலைபெற்றது. பல்கலைக்கழகங்கள் வகுத்த நூற்பட்டியல்கள் பாடசாலையின் பாடத்திட்டத்தையே நிர்ணயித்தன. இவ்வாதிக்கத்துக்கு எதிராகப் பாடசாலை ஆசிரியர்கள் திரண்டமையே 1911இல் ஆங்கில ஆசிரியர் தேசியப் பேரவை தோன்றுவதற்கு வழிகோலியது என்பதும் நினைவுகொள்ளத்தக்கது.

2

இனி இக்கூறுகளைத் தனித்தனியே நோக்குவோம். ஆங்கில எழுத்துக்கூட்டல் ஒலியைப் பின்பற்றுவதன்று. 1476இல் கக்ஸ்ரன் வெஸ்ற்மினிஸ்ரரில் அச்சுக்கூடம் நிறுவிய காலத்தில் ஆங்கிலத்தின் நெட்டுயிர்கள் மாறிக்கொண்டிருந்தன. அச்சு எழுத்தை நிலைநிறுத்த, உச்சரிப்பு அதனைவிட்டு விலகிச் சென்றது. இலத்தீன் மோகங் கொண்ட அறிஞர்களும் தம் பங்குக்குச் சில எழுத்துக்களைப் புகுத்தினர். கடனைக் குறிக்கும் ‘டெற்’ என்னும் சொல்லில் எவரும் உச்சரியாத ‘பி’ என்ற எழுத்து இன்றும் நிற்பது இதனாலேயே. நோவா வெப்ஸ்ரர் 1783இல் தமது எழுத்துக்கூட்டல் நூலையும் 1828இல் பேரகராதியையும் வெளியிட்டு, அமெரிக்கருக்கெனத் தனியான எழுத்துமுறை ஒன்றை நாட்ட முயன்றார். சில சொற்களில் தேவையற்ற எழுத்துக்கள் நீங்கினவேயன்றி, ஒலிக்கும் எழுத்துக்குமிடையிலான பொருத்தமின்மை அடிப்படையில் மாறவில்லை. 1906இல் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ற் முந்நூறு சொற்களின் எளிய வடிவங்களை அரசாங்க அச்சகத்திற் புகுத்த எடுத்த முயற்சியும் காங்கிரசின் எதிர்ப்பாற் கைவிடப்பட்டது.

இக்கடினத்தின் சமூகப் பயன் யாது? தோர்ஸ்ரீன் வெப்லன் ‘ஓய்வு வர்க்கத்தின் கோட்பாடு’ என்னும் நூலில் (1899) இதற்கு விடை பகர்ந்துள்ளார். பழமையும் சிக்கலும் நிறைந்த இவ்வெழுத்துமுறையைக் கைவரப்பெறுவதற்கு நீண்ட காலமும் உழைப்பும் வேண்டும். அதில் நேரும் தவறோ எளிதிற் கண்ணிற் படும். ஆகவே ஒருவன் கற்றவனா அல்லனா என்பதற்கு அது வாய்ப்பான முதற்சோதனையாகின்றது. எழுத்துக்கூட்டலின் பெருமை அதன் பயனில் அன்று, பயனற்ற உழைப்பை மேற்கொள்ளும் வசதியைப் பறைசாற்றுவதிலேயே தங்கியுள்ளது என்பது அவர் கூற்றின் சாரம்.

இலக்கணத்தின் கதையும் இத்தகையதே. பாடசாலை இலக்கணத்துக்கு மூலவர்களுள் ஒருவரான பிஷப் றொபேட் லௌத் 1762இல் வெளியிட்ட நூலின் அடிக்குறிப்புகளில் சேக்ஸ்பியர், மில்ரன் முதலானோரின் தொடர்களைப் பிழைகளுக்கு உதாரணமாகக் காட்டினார். இலக்கணப் பாடவேளைக்கும் இலக்கியப் பாடவேளைக்குமிடையிலான பூசல் அப்போதே தொடங்கிவிட்டது எனலாம். சோசரும் சேக்ஸ்பியரும் எதிர்மறையை வலியுறுத்த இரு எதிர்மறைச் சொற்களை அடுக்கினர். இரு எதிர்மறைகள் சேர்ந்தால் உடன்பாடாகும் என்ற விதியோ தருக்கத்திலிருந்து பெறப்பட்டதேயன்றி ஆங்கில வழக்கிலிருந்து பெறப்பட்டதன்று. பென்சில்வேனியாவிற் பிறந்து இங்கிலாந்திற் குடியேறிய லிண்ட்லி மறேயின் இலக்கணம் (1795) இவ்விதிகளை அத்திலாந்திக்கின் இரு கரைகளிலும் பரப்பிற்று. 1877இல் றீட், கெலொக் என்போர் வாக்கியத்தைக் கோடுகளாற் பிரித்து வரைபடமாக்கும் முறையை அறிமுகஞ் செய்தனர். பல தலைமுறை மாணவர்கள் கரும்பலகையில் அக்கோடுகளை வரைந்தனர்.

இப்பயிற்சியால் மாணவரின் எழுத்துத் திருந்திற்றா என்பது ஆய்வுக்குட்பட்ட வினா. 1963இல் பிறடொக், லொயிட்-ஜோன்ஸ், ஷோயர் ஆகியோர் அதுகாறும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து நோக்கி, முறைசார் இலக்கணங் கற்பித்தல் எழுத்தாற்றலை வளர்ப்பதில் அற்பமான பயனையே தருமென்றும், எழுதிப் பழகுவதற்குரிய நேரத்தை அது விழுங்குவதனாற் கேடும் பயக்கக்கூடுமென்றும் முடிவு கூறினர். நியூசிலாந்தில் உயர்நிலைப் பாடசாலை மாணவரிடையே எலி முதலானோர் மூன்றாண்டுகள் நடத்தி 1976இல் வெளியிட்ட ஆய்வும், 1986இல் ஹிலொக்ஸ் செய்த மீளாய்வும் இதனையே வலியுறுத்தின. கூறிய பயனைத் தராத ஒரு கல்வி நூற்றாண்டுகளாக நிலைக்குமாயின், அது கூறாத பயன் ஒன்றைத் தருகின்றது என்றே கொள்ளவேண்டும். அப்பயன், நாம் மேலே கண்டவாறு, பிரித்தெடுத்தலாகும்.

3

இம்முரண்பாடு தெளிவாக வெளிப்படும் இடம் நாவலாகும். மார்க் ருவெயினின் ‘ஹக்கிள்பெரி பின்’ அமெரிக்காவில் 1885இல் வெளிவந்தது. பள்ளிப்படிப்பு அரைகுறையான ஒரு சிறுவன், தன் மொழியிலேயே கதை முழுவதையும் கூறுகின்றான். பாடசாலை வெறுக்கும் ‘எய்ன்ற்’ என்னும் எதிர்மறைச் சொல்லும் அடுக்கிய எதிர்மறைகளும் அவன் நாவில் மலிந்துள்ளன. அவ்வாண்டிலேயே மசச்சூசெற்ஸ் மாநிலத்துக் கொன்கோட் நகரப் பொது நூலகம் இந்நூலைக் கரடுமுரடானதென விலக்கியது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின்னரோ அது உயர்நிலைப் பாடசாலைகளிற் பரவலாகக் கற்பிக்கப்படும் நூலாயிற்று.

நாவலின் தொடக்கத்திலேயே ஓர் ‘ஆங்கில வகுப்பு’ உண்டு. மிஸ் வற்சன் எழுத்துக்கூட்டல் நூலொன்றைக் கொண்டு ஹக்கை வாட்டுகின்றாள். அதே மிஸ் வற்சன்தான் ஜிம் என்னும் அடிமையின் உடைமையாளியும் ஆவாள். எழுத்தைத் திருத்தும் கையும் மனிதனை விற்க எண்ணும் கையும் ஒன்றாயிருப்பதை ருவெயின் உரையின்றியே உணர்த்திவிடுகின்றார். முப்பத்தோராம் அத்தியாயத்தில் ஹக், ஜிம் இருக்குமிடத்தைக் காட்டிக்கொடுத்து அவளுக்குக் கடிதம் எழுதுகின்றான். தன் சமூகம் அறமெனக் கற்பித்ததைச் செய்துவிட்டதாகக் கணநேரம் நிம்மதியடைகின்றான். பின்னர் அதனைக் கிழித்தெறிந்து, நரகத்துக்குச் செல்வதாயினும் நண்பனைக் காப்பதெனத் துணிகின்றான். அந்நாவலின் அறவுச்சம் இலக்கணப் பிழை மலிந்த வாக்கியங்களிலேயே நிகழ்கின்றது. அவ்வாக்கியங்களைத் ‘திருத்தி’ எழுதினால் அவ்வறமும் உடன் மறைந்துவிடும். வகுப்பறையில் இது வியந்து விளக்கப்படுகின்றது. அடுத்த பாடவேளையில் அத்தகைய வாக்கியத்தை எழுதும் மாணவன் புள்ளி இழக்கின்றான்.

ஆயினும் ஹக் ஒரு வெள்ளைச் சிறுவன். முரண்பாட்டின் முழுக்கனத்தையும் உணர ஸோரா நீல் ஹேர்ஸ்ரனின் ‘அவர்களின் கண்கள் கடவுளை நோக்கியிருந்தன’ என்னும் நாவலை (1937) நோக்கவேண்டும். கறுப்பினத்தவரே ஆண்ட புளோரிடாவின் ஈற்றன்வில் நகரில் வளர்ந்து, மானிடவியலாளர் பிரான்ஸ் போவாசிடம் பயின்ற ஹேர்ஸ்ரன், தம் மக்களின் வாய்மொழிக் கதைகளைத் தாமே சேகரித்தவர். இந்நாவலிற் கதைமாந்தர் கறுப்பினத்தவரின் பேச்சுமொழியில் உரையாடுகின்றனர். ஆசிரியர் கூற்று நியம மொழியில் தொடங்குகின்றது. ஆனால் ஜேனி என்னும் தலைவி தன் வாழ்வைத் தன்வசப்படுத்தும் அளவுக்கு ஆசிரியர் கூற்றும் அவள் பேச்சின் நிறத்தைப் பெறுகின்றது. இரு மொழிவகைகளுக்குமிடையே இருந்த மேல் கீழ் என்ற வரம்பு கதையின் போக்கிலேயே கரைகின்றது. இது வெறும் உத்தியன்று. யாருடைய மொழி சிந்தனைக்குரிய மொழி என்ற வினாவுக்கு நாவலாசிரியர் அளித்த விடையாகும்.

இவ்விடையை அன்றைய முற்போக்கு முகாமே ஏற்கத் தவறியது. இடதுசாரிச் சஞ்சிகையான ‘நியூ மாசஸ்’ இதழில் 1937இல் றிச்சாட் றைற் இந்நாவலை மதிப்பிட்டபோது, வெள்ளையரின் பொழுதுபோக்குக்காகக் கறுப்பர் வேடமிட்டு நடித்த மேடை மரபை அது தொடர்வதாகச் சாடினார். றைற்றின் கோபத்துக்கு வரலாற்று நியாயம் உண்டு. அம்மேடை மரபு கறுப்பினத்தவரின் பேச்சை நகைப்புக்குரியதாக்கியிருந்தது. எனினும் பேச்சுமொழியை இழிவுபடுத்தியோரின் காதினாலேயே அவரும் அதனைக் கேட்டார் என்பதே எமது துணிபு. உள்ளடக்கத்தின் போராட்டத்தைத் தேடிய விமர்சகர், மொழியினுள்ளே நிகழ்ந்த போராட்டத்தைக் காணவில்லை. 1960இல் ஹேர்ஸ்ரன் வறுமையில் இறந்தார். 1970களில் அலிஸ் வோக்கர் முதலானோரின் முயற்சியால் மீட்கப்பட்ட அவரது நாவல், 1978இல் மறுபதிப்புப் பெற்றுப் பாடசாலைகளையும் அடைந்தது. பல மாநிலங்கள் ஏற்றுக்கொண்ட 2010ஆம் ஆண்டின் பொது மையத் தராதரங்கள் இந்நாவலை உயர்வகுப்புகளுக்குரிய மாதிரி நூல்களுள் ஒன்றாகக் குறிப்பிடுகின்றன. அத்தராதரங்களே நியம ஆங்கிலத்தின் விதிகளில் மாணவர் தேர்ச்சி பெறவேண்டுமெனவும் விதிக்கின்றன.

கறுப்பின மாணவியொருத்தி இவ்வகுப்பில் அமர்ந்திருப்பதாகக் கொள்வோம். தன் பாட்டியின் மொழி நாவலிற் போற்றப்படுவதை அவள் காண்கின்றாள். அம்மொழி தன் கட்டுரையில் தலைகாட்டும்போது அது அறியாமையென வெட்டப்படுவதையும் காண்கின்றாள். வெட்டப்படுவது உண்மையில் அறியாமையா? வில்லியம் லபோவ் முதலான மொழியியலாளர் 1960களின் பிற்பகுதியிலேயே, கறுப்பினத்தவரின் ஆங்கிலம் தனக்கெனக் கட்டுக்கோப்பான விதிகளை உடையது என நிறுவினர். உதாரணமாக, ‘ஹி வேர்க்கிங்’ என்றால் அவன் இப்போது வேலை செய்கின்றான் என்பது பொருள். ‘ஹி பி வேர்க்கிங்’ என்றால் அவன் வழக்கமாக வேலை செய்பவன் என்பது பொருள். நியம ஆங்கிலம் தனிச்சொல் ஒன்றைச் சேர்த்தே உணர்த்தும் வேறுபாட்டை இம்மொழி வினை அமைப்பிலேயே உணர்த்துகின்றது. இலக்கண ஆசிரியரின் சிவப்பு மை இங்கு ஓர் இலக்கணத்தையே அழிக்கின்றது. கல்லூரி எழுத்துக்கல்வி ஆசிரியர்களின் மாநாட்டமைப்பு 1974இல் தமது சொந்த மொழிக்கான மாணவரின் உரிமையைத் தீர்மானமாக நிறைவேற்றியது. வகுப்பறை வழக்கமோ அத்தீர்மானத்தின் வேகத்தில் மாறவில்லை.

இப்பின்னணியிற் பேர்சிவல் எவரெற்றின் ‘ஜேம்ஸ்’ (2024) தனிக்கவனம் பெறவேண்டியது. 2024இல் தேசிய நூற்பரிசையும் 2025இல் புலிற்சர் பரிசையும் பெற்ற இந்நாவல், ருவெயினின் கதையை ஜிம்மின் வாயாற் கூறுகின்றது. அடிமைகள் தமக்குள் நியம ஆங்கிலம் பேசுகின்றனர். வெள்ளையர் முன்னிலையில் மாத்திரம் சிதைந்த மொழியை வேடமாக அணிகின்றனர். குடிசைக்குள் ஜேம்ஸ் பிள்ளைகளுக்குப் ‘பிழையாகப்’ பேசப் பயிற்சியளிக்கும் காட்சி, ஆங்கில வகுப்பைத் தலைகீழாக்கிய கூரிய அங்கதமாகும். பிழை என்பது ஆதிக்கம் எதிர்பார்க்கும் ஒன்று, பிழைத்திருத்தலுக்கு அது தேவை என அக்காட்சி உணர்த்துகின்றது. ஜேம்சுக்காக ஒரு துண்டுப் பென்சிலைத் திருடிக்கொடுத்தவன் உயிரையே இழக்கின்றான். 1740லேயே அடிமைகளுக்கு எழுதக் கற்பிப்பதைத் தென் கரோலினாவின் சட்டம் குற்றமாக்கியிருந்தது என்பதை நினைவுகூரும்போது அப்பென்சிலின் கனம் விளங்கும்.

எனினும் நாவலின் அடித்தளத்திலுள்ள ஓர் எடுகோளை நாம் ஐயத்துடனேயே நோக்குகின்றோம். அறிவுடையோனின் அகமொழி நியம ஆங்கிலமாகவே இருக்கும், பேச்சுமொழி வெறும் முகமூடியே என்ற எண்ணம் அங்கு தொனிக்கின்றது. அங்கதத்தின் தேவை அவ்வாறு அமைந்தது என்பது உண்மையே. ஆனால் ஹேர்ஸ்ரன் எந்த மொழியைச் சிந்தனையின் மொழியென நிறுவினாரோ, அம்மொழியை எவரெற் மேடை வேடமாகக் கழற்றிவைக்கின்றார். ஜிம்முக்கு மனிதத் தகைமையை மீட்டுக்கொடுக்கும் நாவல், அவன் மொழிக்கு அதனை மீட்டுக்கொடுக்கவில்லை.

4

அவ்வாறாயின் நியம மொழியைக் கற்பிப்பதையே கைவிடலாமா? இவ்வினாவுக்கு ஆம் என விடையளிப்பது எளிது; ஆபத்தானதும் கூட. கறுப்பினக் கல்வியாளரான லீசா டெல்பிற் 1988இல் எழுதிய கட்டுரையொன்றில், அதிகாரத்தின் வழக்குகளை அறிந்தோர் அவற்றை வீட்டிலேயே பெறுகின்றனர், அறியாதோருக்குப் பாடசாலை அவற்றை வெளிப்படையாகக் கற்பிக்காவிடின் வாயில் அடைபட்டே இருக்கும் என வாதிட்டார். கிராம்ஷியும் 1935இற் சிறையில் எழுதிய குறிப்புகளில், பாடசாலையிலிருந்து இலக்கணத்தை அகற்றுவது உழைக்கும் மக்களை நியம மொழியிலிருந்து விலக்கிவைப்பதற்கே உதவும் எனக் கண்டார். தாராண்மையின் பெயரால் இலக்கணத்தை ஒழிப்பது ஆளும் வர்க்கத்தினருக்கு எவ்வித இழப்பையும் தருவதில்லை.

ஆகவே வினா, கற்பிப்பதா விடுவதா என்பதன்று. எவ்வாறு கற்பிப்பது என்பதேயாகும். நியம மொழி வரலாற்றில் அதிகாரம் பெற்ற ஒரு வழக்கு என்ற உண்மையோடு கற்பிக்கப்படுமாயின், மாணவி தன் பாட்டியின் மொழியை இழக்காமலே அதனையும் கைக்கொள்ளலாம். அதற்கு நாவலையே இலக்கணப் பாடநூலாக்க வேண்டும். ஹக்கின் எதிர்மறைகள் எவ்விதியின்படி அமைகின்றன, ஜேனியின் பேச்சு ஆசிரியர் கூற்றினுள் எவ்விடத்திற் கலக்கின்றது, ஏன் கலக்கின்றது என வினவும் வகுப்பில் இரு பாடவேளைகளும் ஒன்றாகும். பிழை என்ற சொல்லுக்குப் பதிலாக வழக்கு என்ற சொல் அங்கு ஆளப்படும்.

தமிழ் மாணவருக்கு இச்சிந்தனை புதிதன்று. தொல்காப்பியத்தின் பாயிரம் இலக்கணத்துக்கு அடிப்படையாக வழக்கையும் செய்யுளையும் ஒருங்கே சுட்டுகின்றது. ஆயினும் 1960களின் தொடக்கத்தில் ஈழத்தில் நிகழ்ந்த மரபுப் போராட்டத்தின்போது, டானியல், டொமினிக் ஜீவா முதலியோர் ஒடுக்கப்பட்ட மக்களின் பேச்சைக் கதைகளில் எழுதியமை இழிசனர் வழக்கெனப் பழிக்கப்பட்டது. கொன்கோட் நூலகத்தார் கூறியதும் நம் பண்டிதர் சிலர் கூறியதும் ஒன்றே. இலக்கியத்தைப் பொறுத்தவரை அப்போராட்டத்தில் வெற்றி யாருக்கு என்பதை இன்று விளக்கவேண்டியதில்லை. வகுப்பறையைப் பொறுத்தவரை அது இன்னும் முடியவில்லை. டானியலின் மாந்தரது பேச்சை வகுப்பில் விளக்கும் ஆசிரியர், அடுத்த வேளையில் அதே ஊரிலிருந்து வந்த மாணவனின் கட்டுரைக் கொப்பியைக் கையிலெடுக்கும்போது என்ன செய்கின்றார்? அக்கொப்பியின் ஓரத்தில் அவர் எழுதும் குறிப்பிலேதான் நமது இலக்கியக் கொள்கை சோதனைக்குள்ளாகின்றது.